வண்ணத்தீட்டு

சனிக்கிழமை காலை ஏழு இருபதுக்குப் பெயிண்டர் தூரிகையைக் கடைசியாக ஒருமுறை இழுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தார்.

ஆலயத்தில் இருபத்திரண்டு பெஞ்சுகள். அவருக்குக் கிடைத்தது ஒன்று. ஜன்னலோரம் மூன்றாவது. வெயிலில் உரிந்துபோயிருந்தது. ஒரு டப்பா பழுப்பு நிறத்துக்குத்தான் கமிட்டி சம்மதித்தது.

பெயிண்டர் என்று கூப்பிட்டால் அவர் திரும்ப மாட்டார். புலவர் என்றால் திரும்புவார். கேலிக்கு வைத்த பெயர்தான். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். பிரஷ் என்று கேட்டால் கொடுக்க மாட்டார். மற்றவர்கள் ‘பெயிண்ட் ஈரம்’ என்று எழுதி வைக்கிற இடத்தில் அவர் சொந்தமாக ஒரு சொல் கட்டியிருந்தார். அட்டைப் பெட்டி ஒன்றின் பக்கத்தைக் கிழித்து அதை எழுதினார். அகலம் போதவில்லை. சொல் இரண்டு வரியாக உடைந்தது.

வண்ணத்
தீட்டு
தொடாதீர்

பெஞ்சுக்கு முன்னால் முக்காலியைப் போட்டு, டர்பன்டைன் டின்னில் அட்டையைச் சாய்த்து வைத்தார். டர்பன்டைனுக்கு அவர் இன்னும் சொல் கண்டுபிடிக்கவில்லை. ஒற்று சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். டீ குடிக்கப் போனார்.

அட்டையில் ஏற்கெனவே ஒரு மடிப்பு இருந்தது. அவர் கதவைச் சாத்திய வேகத்தில் காற்று அடித்து, டின்னுக்கு மேலே நின்ற முதல் வரி பின்பக்கமாக மடிந்துகொண்டது.

*

ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சு அத்தையின் இடம்.

பெரிய ஆஸ்பத்திரியின் பிணவறையில் அவளுக்கு இருபத்தோரு வருஷம். உடலைக் கழுவி, துடைத்து, உடுத்தி, வீட்டாரிடம் கொடுக்கிற வேலை. டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாரும் அவளை அத்தை என்றார்கள். உண்மையாக அத்தை ஆகி மூன்று மாதம்தான் ஆகிறது. தம்பிக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து ஒரு பெண் பிறந்தாள். பிறந்த அன்றே தம்பி மனைவி சொல்லிவிட்டாள்.

“ஞானத்தாய் நீங்கதான் அண்ணி. வேற யாரையும் கேக்க மாட்டேன்.”

ஞானத்தாயின் வேலை பெரிதில்லை. ஞானஸ்நானத் தொட்டியருகில் குழந்தையைக் கையில் வாங்க வேண்டும். போதகர் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டும். அவரிடம் கொடுக்க வேண்டும். மொத்தம் ஒரு நிமிஷம். அத்தை அதற்கு மூன்று மாதமாகப் பழகினாள். பிணவறையில் துண்டுகளைச் சுருட்டி, தலைப்பக்கம் கொஞ்சம் கனமாக வைத்து, இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிப் பார்த்தாள். இறந்தவர்கள் ஆட்சேபிக்கவில்லை.

ஆட்சேபித்தவர் சபைச் செயலாளர்.

எடை, அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்காரர்களின் தராசைக் கவிழ்த்துப் பார்த்தே முப்பது வருஷம் ஓட்டியவர். ஞானஸ்நானத்துக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், வேதாகமத்தில் விரலை வைத்துக்கொண்டே அவளிடம் வந்தார்.

“எண்ணாகமம் பத்தொன்பது. செத்த உடலைத் தொட்டா ஏழு நாள் தீட்டு. நான் சொல்லல. எழுதியிருக்கு.”

“படிச்சிருக்கேன். கூடவே சாம்பல் தண்ணியும் எழுதியிருக்கே. ஒரு குறையும் இல்லாத சிவப்புப் பசுவை எரிச்ச சாம்பல். அதுக்கு எங்க போறது?”

“அது இப்ப கிடைக்காது. வெறும் தண்ணி போதும்னு விட்டுடறேன்.”

“பசுவை விடுறீங்க. நாள் கணக்கை விட மாட்டீங்களா?”

செயலாளர் யோசித்தார். நியாயமான மனிதர்தான்.

“எந்தத் தராசுக்கும் அனுமதிக்கப்பட்ட பிழைன்னு ஒண்ணு உண்டு. கிலோவுக்கு இத்தனை கிராம்னு விடுவோம்.”

“ஏழு நாளுக்கு எவ்வளவு விடுவீங்க?”

அவர் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார்.

“இருபது நிமிஷம்.”

தம்பி எதையோ சொல்ல வாயெடுத்தான். அத்தை அவன் காலை மிதித்தாள்.

போதகர் பக்கத்தில்தான் நின்றார். சின்ன வயசு. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஜெபிப்போம்” என்றார். முடிவெடுக்கப் பிடிக்காதபோதெல்லாம் அவர் ஜெபிப்பார். மிகவும் ஜெபிக்கிறவர் என்று ஊரில் நல்ல பெயர்.

அத்தை சண்டை போடவில்லை. குழந்தையைக் கையில் வாங்க வேண்டும்; அவளுக்கு வேண்டியது அதுதான். திங்கட்கிழமை ஏழு நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் ‘சுத்தமாக வேண்டும்’ என்று இருந்தது. மேற்பார்வையாளர் இரண்டு தடவை படித்தார்.

“அத்தை, நம்ம சோப்பு பத்தலையா?”

“வேற மாதிரி சுத்தம்.”

“மூணு நாள் தரேன். மிச்ச நாளுக்கு ஊர்ல ஒருத்தரும் சாகாம நீங்க பாத்துக்கோங்க.”

ஒருத்தரும் சாகவில்லை. புதன் வரை வீட்டில் இருந்தாள். வியாழக்கிழமை வேலைக்குப் போய்க் காலி மேசைகளைத் துடைத்தாள். வெள்ளிக்கிழமையும் துடைத்தாள். ஞாயிறிலிருந்து எண்ணினால் ஆறு நாள்.

“ஊரே உனக்காக மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு அக்கா” என்றான் தம்பி.

சனிக்கிழமை விடியற்காலை தொண்ணூற்றொரு வயதுக்காரர் ஒருவர் மூச்சை விட்டுவிட்டார்.

“தொண்ணூத்தொரு வருஷம் இருந்தீங்களே. இன்னும் ஒரு நாள் இருந்தா என்ன குறைஞ்சுபோயிருக்கும்?” என்று அத்தை அவரிடம் கேட்டாள். திட்டிக்கொண்டே காதுக்குப் பின்னால் கழுவினாள். திட்டிக்கொண்டே நகம் வெட்டினாள். சட்டைக் காலரைச் சரி செய்து, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். அதற்கப்புறம் திட்டவில்லை.

வெளியே சொல்லாமல் இருக்கலாம். பிணவறைக்கும் ஆலயத்துக்கும் நடுவே நாலு தெரு. யாருக்குத் தெரியப்போகிறது? இரண்டு தெரு வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு நடந்தாள். மூன்றாவது தெருவில், குழந்தையை வாங்கும்போது பொய்யோடு வாங்கக் கூடாது என்று தோன்றியது. ஒன்பது மணிக்கு ஞானஸ்நான ஒத்திகை. போதகரிடம் நேராகச் சொல்லிவிடுவது, நடக்கிறது நடக்கட்டும் என்று முடிவு செய்தாள்.

*

எட்டே முக்காலுக்கு உள்ளே வந்தாள். ஜன்னல்கள் இன்னும் திறக்கவில்லை. அரையிருட்டு. அவள் பெஞ்சுக்கு முன்னால் அட்டை நின்றது.

தீட்டு
தொடாதீர்

அத்தை ஒருமுறை படித்தாள். இன்னொரு முறை படித்தாள். நடு ஆலயத்தில் தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினாற்போல் நின்றாள்.

அதற்குள் செய்தி வந்துவிட்டது என்று புரிந்துகொண்டாள். வாட்ச்மேன் சொல்லியிருப்பான். அவன் வாய் ஓட்டைப் பானை. அதற்காக, பெஞ்சுக்கே போர்டு வைப்பதா?

முக்காலியைக் காலால் நகர்த்தினாள். பெஞ்சின் முதுகை இரண்டு கையாலும் பிடித்தாள். உட்கார்ந்தாள். நன்றாகச் சாய்ந்தாள். கைகளை இரு பக்கமும் ஊன்றிக்கொண்டாள். கொஞ்சம் பிசுபிசுத்தது. வேர்வை என்று நினைத்தாள். வாடை அவளுக்குத் தெரியவில்லை. இருபத்தோரு வருஷம் பார்மலின் முகர்ந்த மூக்குக்குப் புது வாடை எதுவும் ஏறுவதில்லை.

தம்பியும் தம்பி மனைவியும் குழந்தையோடு வந்தார்கள். குழந்தைக்கு வெள்ளைக் கவுன். பின்னாலேயே போதகர். கடைசியாகச் செயலாளர், பதிவேட்டை அணைத்துக்கொண்டு. அத்தையைப் பார்த்து அவர் தலையசைத்தார்.

“போர்டு பாத்தேன்” என்றாள் அத்தை.

செயலாளரின் முகம் மலர்ந்தது. பாட்டுப் புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துச் சென்றவர்கள் திருப்பித் தருமாறு வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார். இதுவரை ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

“பாத்தீங்களா? எழுத்து தெளிவா இருக்கா?”

“கண்ணைக் குத்துது.”

“குத்தணும். தூரத்துலேருந்தே தெரியணும்னுதான் பெருசா எழுதினேன்.”

“பேரு போடலையே.”

“பேரு எதுக்கு? யாரைச் சொல்றேன்னு அவங்க அவங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“நாலு பேர் பாக்க வச்சாத்தான் புத்தி வரும். வெட்கப்பட்டாவது திருந்தட்டும்.”

அத்தை எழுந்தாள். அவளுடைய சீருடை பெஞ்சை விட்டுப் பிரியும்போது நீளமாக ஒரு சத்தம் வந்தது. யாரும் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நேராகச் செயலாளரிடம் வந்தாள். அவர் வலது கையை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினாள்.

“தொட்டாச்சு. இனி நீங்களும் தீட்டு.”

அடுத்தது பதிவேடு. “இதையும் தொட்டாச்சு.” ஞானஸ்நானத் தொட்டியின் விளிம்பை முழுசாக ஒரு சுற்றுத் தடவினாள். “இதையும்.” பிரசங்க மேடையின் கைப்பிடி. “ஐயா நாளைக்கு இங்கதானே நிப்பீங்க? இதையும்.” தடுக்க வந்த போதகரின் வெள்ளைச் சட்டைக் கையைப் பிடித்தாள். “உங்களையும்தான் ஐயா. ஜெபிங்க.”

அவள் கண் செயலாளரின் முகத்தை விட்டு நகரவில்லை. செயலாளரின் கண் அவள் தொட்ட இடங்களை விட்டு நகரவில்லை.

பதிவேட்டின் அட்டையில் ஐந்து விரல். தொட்டியின் வெள்ளை விளிம்பில் பழுப்பாக ஒரு வளையம். போதகரின் சட்டையில் ஒரு முழுக் கை, ரேகையோடு. செயலாளர் தன் வலது கையை மெல்லத் திருப்பிப் பார்த்தார்.

கண்ணால் பார்க்காத எதையும் அவர் நம்பியவர் இல்லை. எடைக்கல்லில் முத்திரை இருக்கிறது என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும் கண்ணாடி வைத்துத்தான் பார்ப்பார். தொட்டால் ஒட்டும் என்கிற இந்த ஒன்றை மட்டும் பார்க்காமலே நம்பியிருந்தார். இப்போது பார்த்துவிட்டார். பக்கத்துப் பெஞ்சைப் பிடிக்கப் போனவர், அதுவும் ஒட்டிக்கொள்ளும் என்று கையை இழுத்துக்கொண்டார்.

“ஐயா” என்றார் போதகரிடம், ரகசியக் குரலில். “தெரியுது.”

அத்தை இப்போது தம்பி மனைவியின் முன்னால் வந்திருந்தாள். குழந்தை அவளைப் பார்த்துக் காலை உதைத்தது. அத்தையின் கை நீண்டது. பாதியில் நின்றது.

ஆலயத்தில் எல்லாவற்றையும் தொட்டவளுக்கு அந்த வெள்ளைக் கவுனைத் தொட வரவில்லை. கையை மடக்கும்போதுதான் அதன் நிறத்தைப் பார்த்தாள்.

“அண்ணி, முதுகு” என்றாள் தம்பி மனைவி.

அத்தையின் முதுகில் பெஞ்சின் நான்கு சட்டங்களும் வரிசையாக இருந்தன.

கதவு திறந்தது. வெளிச்சத்தோடு பெயிண்டர் உள்ளே வந்தார். பெஞ்சைப் பார்த்தார்.

“யாரு என் தீட்டைத் தொட்டது?”

அவர் முக்காலியருகே குனிந்து, மடிந்திருந்த அட்டையை நிமிர்த்தினார்.

“வண்ணத்தீட்டு. எவ்வளவு தெளிவா எழுதியிருக்கேன்! நடுவுல ஒற்றுகூட விடல.”

தம்பி அட்டையைப் பார்த்தான், அக்காவின் முதுகைப் பார்த்தான்.

“யோவ் புலவரே, பெயிண்ட்னு எழுதித் தொலைச்சா என்னய்யா?”

“பெயிண்ட் தமிழா?”

“எங்க அக்கா முதுகு தமிழா?”

தம்பி மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். குழந்தை குலுங்கியது. போதகர் சட்டைக் கையைப் பார்த்தபடி, சிரிக்கலாமா என்று யோசித்தார். செயலாளருக்கு உயிர் திரும்பி வந்தது. கையை மோந்து பார்த்தார். வெறும் பெயிண்ட்தான் என்று தெரிந்ததும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

“பெஞ்சுல போர்டு வச்சது நான்னா நினைச்சீங்க? நான் அப்படி எழுதுவேனா?”

“எழுதல” என்றாள் அத்தை. “சொன்னீங்க.”

சிரிப்பு நின்றது.

“சொன்னது வேற” என்றார் செயலாளர்.

“ஆமா. எழுதியிருந்தா டர்பன்டைன் போட்டுத் துடைச்சிருப்பேன்.”

*

துடைக்க வேண்டியது நிறைய இருந்தது. தம்பி தொட்டியையும் மேடையையும் எடுத்துக்கொண்டான். பெயிண்டர் பெஞ்சின் முன் உட்கார்ந்து, அத்தையின் முதுகு எடுத்துப் போன வண்ணத்தை மறுபடி தீட்டினார்.

அத்தை பழந்துணியை டர்பன்டைனில் நனைத்து முதலில் தன் கையைத் துடைத்தாள். பின்கட்டுக் குழாயில் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாள். அப்புறம் போதகரின் சட்டைக் கை. அப்புறம் செயலாளரைப் பார்த்தாள். அவர் ஒரு மூலையில் கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் போல அதைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

“கொடுங்க.”

“நானே துடைச்சுக்கறேன்.”

“உங்களுக்கு வராது. வலது கையை இடது கையால துடைச்சா மணிக்கட்டு வரைக்கும் ஈஷிக்கும். கொடுங்க.”

கொடுத்தார். அத்தை அவரை வேறொரு பெஞ்சில் உட்கார வைத்து, எதிரில் ஸ்டூல் போட்டுக்கொண்டாள். சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்தாள்.

“விறைக்காதீங்க.”

“பழக்கமில்ல.”

“தளர விடுங்க. விறைச்ச கைன்னா ரெண்டு ஆள் வேணும்.”

“நான் உயிரோடதாம்மா இருக்கேன்.”

“தெரியுது. என் ஆளுங்க இவ்வளவு பேச மாட்டாங்க.”

ஒரு விரல் முடிந்தது. அடுத்த விரல். நகக்கண்ணுக்குத் துணியின் முனையைக் கூராக முறுக்கிக்கொண்டாள். விரலிடுக்கில் சோப்பு. மேலிருந்து கீழாகத்தான் துடைத்தாள், திரும்பக் கொண்டுபோகவில்லை. செயலாளரின் தோள் இறங்கியது. கை அவள் கையில் கனமாகக் கிடந்தது.

“அவளையும் இப்படித்தானா?” என்றார்.

அவர் மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகிறது.

“எப்படி?”

“விரல் விரலா.”

“எல்லாரையும் இப்படித்தான்.”

அத்தை துணியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அடுத்த விரலுக்குப் போனாள்.

“தலையை நான்தான் வாரினேன்” என்றார் செயலாளர். “நீங்க வெளிய போங்கன்னு சொன்னீங்க. நான் போகல.”

“ஆமா. சீப்பைப் பிடுங்கிக்கிட்டீங்க.”

“நல்லா வாரினேனா?”

“வகிடு கோணல்.”

அவர் நிமிர்ந்தார்.

“எவ்வளவு?”

“ஒரு நூல்.”

“ஒரு நூலா?”

“அனுமதிக்கப்பட்ட பிழைதான். நீங்க போனப்புறம் சரி பண்ணிட்டேன். கட்டைவிரல் கொடுங்க.”

அவர் கட்டைவிரலைக் கொடுத்தார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். டர்பன்டைன் நெடி கண்ணை எரிக்கிறது என்று பொதுவாக எல்லாருக்கும் சொன்னார்.

*

பத்து மணிக்கு ஒத்திகை ஆரம்பித்தது. போதகர் ஈரமான சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

“இப்ப ஞானத்தாய் குழந்தையை வாங்கிக்கணும்” என்றார். பழக்க தோஷத்தில் செயலாளரைப் பார்த்தார்.

தம்பி மனைவி குழந்தையை நீட்டினாள். அத்தை கையைக் கட்டிக்கொண்டாள்.

“ஐயா, முதல்ல ஒண்ணு. ஆறு நாள் ஒழுங்கா ஓடிச்சு. இன்னிக்குக் காலையில ஒரு பெரியவர் போயிட்டார். கழுவிட்டுதான் வரேன். மறைச்சு வாங்க மாட்டேன். வாங்கலாம்னா வாங்கறேன், கூடாதுன்னா பின்னால போய் உக்காந்துக்கறேன். நீங்க சொல்லுங்க.”

“அக்கா!” என்றான் தம்பி. “யாராவது கேட்டாங்களா உன்னை?”

போதகர் தொட்டியைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்தார்.

“ஜெபி...”

“ஜெபம் அப்புறம் ஐயா” என்றார் செயலாளர். “குழந்தைக்குக் கழுத்து இன்னும் சரியா நிக்கல. எவ்வளவு நேரம் அப்படியே நீட்டிக்கிட்டு நிப்பாங்க? அத்தை, வாங்குங்க.”

அத்தை வாங்கினாள். துண்டு இப்படி நெளியவில்லை. துண்டு இப்படிச் சூடாகவும் இல்லை. மூன்று மாதப் பழக்கம் எல்லாம் மறந்துபோய், இடதா வலதா என்று தெரியாமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். குழந்தை அவள் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது.

“தலையைத் தாங்குங்க அண்ணி.”

“தாங்கிட்டேன். தாங்கிட்டேன்.”

போதகர் புத்தகத்தில் பக்கத்தைத் தேடினார். தம்பி மூக்கைச் சிந்தினான். பெயிண்டர் புது அட்டை ஒன்றில் எழுத ஆரம்பித்து, ‘பெ’ போட்டு, அடித்தார்.

செயலாளர் பதிவேட்டைத் திறக்கவில்லை. அத்தையின் பக்கத்தில் வந்து நின்று, துடைத்த கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். வெள்ளி. சனி. ஞாயிறு. மறுபடி முதலிலிருந்து எண்ணிப் பார்த்தார். கணக்கு மாறவில்லை.

“அத்தை” என்றார், குழந்தைக்குக்கூடக் கேட்காத குரலில். “அவ தலையை வாரின மூணாம் நாளே நான் இதோ இந்த முன்பெஞ்சுல வந்து உக்காந்தேன். காணிக்கைத் தட்டுகூடப் பிடிச்சேன். போன ஞாயித்துக்கிழமை நான் உங்ககிட்ட அவ்வளவு பேசினேனே, அதை ஏன் நீங்க ஒரு வார்த்தை சொல்லல?”